ஈரத்துக்குள் போன எண்

அந்தச் சலவைக்கூடத்தில் துணிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு, தலையணை உறை, போர்வை, டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் பச்சை அங்கி, எல்லாவற்றின் ஓரமடிப்புக்குள்ளும் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை தைத்திருக்கும். தடவிப் பார்த்தால் கொஞ்சம் விறைப்பாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். அதைத்தான் டேக் என்பார்கள். உள்ளே கடுகு அளவில் ஒரு சில்லு, அதற்கு இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கம்பி. பேட்டரி கிடையாது. தன்னால் ஒரு வார்த்தை பேசத் தெரியாத சாது அது.

அதைப் பேச வைப்பது ரீடர். கண்ணுக்குத் தெரியாத அலையை வீசி, யார் யார் இருக்கிறீர்கள் என்று அது கேட்கும். அந்த அலையிலிருந்தே டேக் ஒரு மிடறு தெம்பை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்ளும். கூப்பிட்டவர் கொடுத்த தெம்பில்தான் பதிலே வரும். ஒரு வண்டி நிறையத் துணி இருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் விளங்காதல்லவா? அதனால் ரீடர் அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்கும். நம் வீடுகளில் நாலு பேர் கூடினால் அந்த ஒழுங்கு வராது, கண்ணுகளா.

அங்கே ரீடரைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் பீப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழுக்குத்துணி வண்டிகளை அவள் ஒவ்வொன்றாகத் தகரம் அடித்த சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். ரீடர் பீப் பீப்பென்று எண்ணி முடித்ததும் வெளியே இழுப்பாள். அறைக்கு எதற்குத் தகரம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அலை தகரத்தைத் தாண்டிப் போகாது, அது இல்லையென்றால் வெளியே நிற்கிற வண்டியெல்லாம் நானும் இருக்கிறேன் என்று நடுவில் மூக்கை நுழைக்கும் என்பாள். "என் மாமியார் மாதிரின்னு வெச்சுக்கோயேன். பக்கத்து ரூம்ல கூப்பிட்டாலும் பதில் அவங்ககிட்டருந்துதான் வரும்." மாமியார் காதுக்கு இது எப்படியோ போய், ஒரு வாரம் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்ததாகக் கேள்வி.

ஒருநாள் காலையில், வண்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். சட்டையின் மேல் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே பார்த்தபடியே நின்றார். வேலை தேடி வந்தவரோ என்று காவலாளி நினைத்து, இப்போது ஆள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

பீப் அக்காதான் போய்க் கேட்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவர் மனைவி நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முந்தின நாள் போய்விட்டாள். குளிருகிறது என்று அவள் சொன்னதால் வீட்டிலிருந்து அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். கடைசியில் அதைக் காலில் போர்த்திக்கொண்டு, மேலே விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாளாம். அவளை எடுத்துப் போன பிறகு படுக்கையைச் சுருட்டி முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். போர்வையும் சாம்பல் நிறம், ஸ்வெட்டரும் சாம்பல் நிறம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

"அதுல ஒரு பட்டன் மட்டும் வேற மாதிரி இருக்கும்மா," என்றார். கேட்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் எப்போதோ தொலைந்துபோக, பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய, அழுத்துகிற பொத்தானின் மூடியை வேடிக்கைக்காகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேலே போவதற்கான அம்புக்குறி போட்ட வெள்ளை மூடி. அவள் அதில் ஊசியைச் சுட்டு இரண்டு ஓட்டை போட்டு, நிஜமாகவே தைத்துக்கொண்டாளாம்.

"இத அழுத்தினா நீங்க வருவீங்களான்னு கேப்பா. ஆஸ்பத்திரியிலயும் அழுத்துவா. நான் நாற்காலியில தூங்கிட்டிருப்பேன். எழுந்து போவேன்."

அவளுக்கு அப்போது குரல் போயிருந்ததாம். பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தியபடி அவர் பக்கம் பார்ப்பாள். சத்தமே இல்லாமல் அது எப்படி எழுப்பியது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுப்பியது. இப்போது வீட்டில் அவளுடைய மற்றத் துணிகளெல்லாம் துவைத்து மடித்து இருக்கின்றன. அவள் வாசனையோடு இருப்பது அது ஒன்றுதான்.

ஸ்வெட்டருக்கு டேக் கிடையாது. எத்தனை பெரிய ரீடர் வந்தாலும் அதைக் கூப்பிட முடியாது. ஆனால் அது சுருட்டிக் கிடக்கும் விரிப்புக்கு எண் இருக்கிறதே. பீப் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நல்ல வேளையாக அந்த வார்டில், படுக்கை போடும்போதே விரிப்பை ரீடரில் காட்டி எந்தக் கட்டிலுக்குப் போகிறது என்று பதிந்துவைப்பார்கள். நர்ஸ் எண்ணைச் சொன்னாள். அக்கா கணினியில் தட்டிப் பார்த்தாள். விரிப்பு அன்று காலையில்தான் தகர அறையைத் தாண்டியிருந்தது. இன்னும் துவைக்கப் போகவில்லை. காத்திருக்கும் வண்டிகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

"இருக்கு ஐயா. இங்கதான் இருக்கு," என்றாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தேட அனுமதி வேண்டுமே. அங்கிருந்த சூப்பர்வைசருக்குச் சட்டம் சார் என்று பெயர். சிரிப்பதற்குக்கூட விதிமுறை பார்ப்பார் என்பார்கள். நோய் பரவும் வார்டிலிருந்து வந்த முடிச்சுகளை அவிழ்க்கவே கூடாது, முடிச்சோடு மெஷினுக்குள் போக வேண்டும் என்றார். அது சரிதான், இத்தனை பேர் உயிர் அதில் இருக்கிறது. அப்புறம் வாசலில் நின்றவரைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வண்டியை மட்டும் அவிழ்க்கலாம் என்றார். எந்த வண்டி என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு அவிழ்க்க வேண்டும்.

லிஃப்ட்காரரை உள்ளே விட முடியாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அக்கா கைரீடரை எடுத்தாள். துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் உள்ளது அது. ஓர் எண்ணை அதில் கொடுத்து விசையை அழுத்தினால் அந்த ஒரு டேக்கை மட்டும் கூப்பிடும். பதில் வந்தால் பீப் என்னும். கிட்டப் போகப் போக பீப் நெருக்கமாகும்.

வண்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. எல்லாம் கம்பி வண்டிகள். வரிசையின் கடைசியில் ஒரு பலகைத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் மெஷினில் துணி போடும் இடம். அக்கா முதல் வரிசை முழுவதும் ரீடரைக் காட்டி நடந்தாள். சத்தம் இல்லை. இரண்டாவது வரிசையிலும் இல்லை. முடிச்சின் நடுவில் ஈரத்துணியோடு அமுங்கிக் கிடந்தால் டேக்குக்குக் கேட்காது. தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். அவள் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் ஊன்றியபடி நின்றிருந்தார்.

அப்போதுதான் அவள் பவரைக் கூட்டினாள்.

இதை நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. தேடும்போது பவரைக் குறைக்க வேண்டும். மெதுவாகக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பது மட்டும் பதில் சொல்லும். உரக்கக் கூப்பிட்டால் தூரத்தில் இருப்பதும் சொல்லும், ஆனால் எங்கிருந்து சொல்கிறது என்று தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான். ஆனால் பதில் வராதபோது, அதுவும் கண்ணாடியில் ஒரு கை அப்படி ஊன்றியிருக்கும்போது, உரக்கக் கூப்பிடாமல் யாரால் இருக்க முடியும்?

பவரை முழுசாக வைத்து விசையை அழுத்தினாள். பீப் என்றது. பலகைத் தடுப்புப் பக்கம் நகர்ந்தாள். பீப் நெருக்கமானது. தடுப்பை ஒட்டி நின்ற வண்டியின் முன்னால் அது விடாமல் கத்தியது. அவள் கையை உயர்த்திக் காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையை வேகமாக ஆட்டினார். சட்டம் சார் ஆகட்டும் என்றார்.

முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். விரிப்பை உதறினாள். அங்கி, உறை, போர்வை. சாம்பல் நிறத்தில் எது வந்தாலும் பிரித்துப் பொத்தானைத் தேடினாள். போர்வைதான். ரீடரை இடுப்பில் செருகி விசையைக் கட்டிவைத்திருந்தாள், அது பாட்டுக்கு பீப் பீப் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. பாதி வண்டி காலியானது. அடிவரைக்கும் கையை விட்டாள்.

திடீரென்று பீப் நின்றுபோனது.

பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று ரீடரைத் தட்டினாள். வேறு எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். அதற்குப் பதில் வந்தது. இந்த எண்ணுக்கு மட்டும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்தது, துணியை யாரும் நகர்த்தாமலே எப்படி வாயை மூடும்? வண்டிக்குள் தலையை விட்டபடி அவள் அப்படியே நின்றாள். அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

பலகையைத் தாண்டி அலை போகும். தகரம்தான் தடுக்கும், பலகை தடுக்காது. அவளுக்கு இது தெரியும்.

அந்தப் பக்கம் மெஷின் போடுகிறவருக்கு இடி என்று பெயர். மெஷின் சத்தத்தோடு பேசிப் பேசி, காதில் ரகசியம் சொன்னாலும் தெருவுக்குக் கேட்கும் குரல். மெஷினில் பாதி இடம் காலியாக இருந்ததால், வரிசைப்படி வர வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே அக்கா தேட ஆரம்பிக்கும் முன்பே ஒரு வண்டியை இந்தப் பக்கமிருந்து இழுத்துப்போயிருந்தார். தண்ணீரும் கரண்டும் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். அக்கா தடுப்பைச் சுற்றி ஓடியபோது மெஷின் சுற்ற ஆரம்பித்திருந்தது. அவள் சொன்னதைக் கேட்டதும் இடியின் குரல் முதல் தடவையாகச் சன்னமானது.

"அக்கா, இதத் திறக்க முடியாதே."

அந்த மெஷின் சுவரோடு சுவராகப் பதித்தது. அதற்கு இரண்டு கதவு. அழுக்குப் பக்கம் ஒன்று, சுத்தமான பக்கம் ஒன்று. அழுக்குப் பக்கக் கதவு மூடிக்கொண்டால் அப்புறம் அது திறக்காது. நன்றாகக் கொதித்து, நோயெல்லாம் செத்த பிறகு, அந்தப் பக்கக் கதவுதான் திறக்கும். நடுவில் நிறுத்தினாலும் இதே கதைதான். முதலில் கறை போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசும். பிறகுதான் சூடு ஏறும். கையால் பின்னிய கம்பளி குளிர்ந்த தண்ணீரைத் தாங்கும். கொதிக்கிற தண்ணீரைத் தாங்காது.

அக்கா சட்டம் சாரிடம் ஓடினாள். அவர் உண்மையாகவே முயன்றார். மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். விதியைத் தளர்த்தச் சொல்லி அவர் கெஞ்சியதை அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, பூட்டை உடைத்தால்தான் உண்டு, உடைத்தால் அந்த மெஷினில் ஆஸ்பத்திரித் துணியே போடக் கூடாது என்றார்கள்.

லிஃப்ட்காரரிடம் யார் சொல்வது? அக்காதான் போனாள். முகமூடியை இறக்கிவிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னாள். பவரைக் கூட்டியதைச் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த வண்டியின் பதிலை இந்த வண்டியின் பதில் என்று நினைத்ததைச் சொன்னாள். "என் தப்புதான். நான் கத்திக் கூப்பிட்டிருக்கக் கூடாது," என்றாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கதவா? ஒண்ணு பூட்டினாத்தான் ஓடுமா?"

"ஆமாங்க."

"லிஃப்டும் அப்படித்தான்," என்றார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும். உள்ள இருக்கறவங்க கதவத் திற, கதவத் திறன்னு அழுவாங்க. பாதியில திறக்காதுங்க, உங்க நல்லதுக்குத்தான் அப்படி வெச்சிருக்குன்னு வெளியிலருந்து சொல்லுவேன். எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன்."

மெஷினின் நெற்றியில் சூட்டைக் காட்டும் சின்னத் திரை இருந்தது. பலகைக்கு மேலாக, கண்ணாடி வழியாகவே அது தெரிந்தது. அவர் அதைக் காட்டிக் கேட்டார்.

"இப்ப சூடா?"

"இன்னும் இல்ல. குளுந்த தண்ணிதான்."

"அப்ப இப்ப நல்லாத்தான் இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்."

இரண்டு பேரும் நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் பக்கத்தில் இடியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெஷின் ஒருமுறை நின்றது. அழுக்குத் தண்ணீர் வடிந்தது. புதுத் தண்ணீர் ஏறியது. திரையில் எண் மெல்ல மாறத் தொடங்கியது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அதைப் பார்க்கவில்லை.

சுத்தப் பக்கக் கதவு திறந்தபோது பீப் அக்காவே போனாள். ஆவி பறக்கும் துணிக்குவியலில் அவள் கைகளை விட்டுத் துழாவினாள். விரிப்பின் ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டு கிடந்தது அது. பிரித்தாள். மூன்று வயதுப் பிள்ளை போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கி, இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அட்டைபோல் இறுகியிருந்தது. கைகள் இரண்டும் விரல் நுழையுமா என்று சந்தேகப்படும்படி இருந்தன. பொத்தான் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. சின்னஞ்சிறு நெஞ்சில் பெரிய வெள்ளை வட்டம், மேலே பார்க்கும் அம்பு.

காய வைத்துத்தான் கொடுத்தாள். அவர் வாங்கினார். முகத்தருகே கொண்டுபோனார். சோப்பு வாசனைதான் அடித்திருக்கும். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார்.

"வெந்நியில போட்டுடாதீங்க, வெந்நியில போட்டுடாதீங்கன்னு சொல்லிட்டே இருப்பா," என்றார். "என்கிட்டருந்து இத ஒளிச்சு வெப்பா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், தையல் மேசையிலிருந்து புது டேக் ஒன்றை எடுத்து வந்தாள். இதை உள்பக்கம் தைத்துத் தரட்டுமா, இனி எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம் என்றாள். சொல்லும்போதே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. மனசு கேட்கவில்லை.

அவர் அந்தப் பட்டையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இது தானாப் பேசாதா?"

"பேசாதுங்க. கூப்பிட்டாத்தான்."

"அப்ப கூப்பிட ஆள் வேணும்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்வெட்டரை நாலாக மடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஒரே மடிப்பில் சட்டைப்பைக்குள் பாதி அடங்கியது. அவர் எழுந்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கோபத்தினால் அல்ல. அவருக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துக் கொடுப்பவள் கூடவே இருந்து பழகிவிட்டவர். வாசல்வரைக்கும் போனார். காவலாளி எழுந்து நின்றார்.

வண்டிகள் வரிசையில் காத்துக்கிடந்தன. அவிழ்த்துப் போட்ட முடிச்சுகளையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டும். அக்கா அவற்றை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள். ரொம்பக் கிட்டப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படியாக, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, இத அண்ணி எப்போ பின்னினாங்க?"

அவர் நின்றார். வாசல்படியில் நின்றபடியே, எங்கேயோ வைத்த பொருளைத் தேடுகிறவர் மாதிரி யோசித்தார். பதில் வராது போலிருந்தது. அக்கா இன்னொரு தடவை கேட்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பக்கத்திலேயே நின்றாள்.

"இது அவளுக்காகப் பின்னினதில்ல," என்றார் கடைசியில். "எனக்குத்தான் பின்னினா. கல்யாணம் ஆன புதுசு. என் அளவு தெரியாது, கேக்கவும் வெக்கம். உத்தேசமாப் பின்னிட்டா. போட்டுப் பாத்தா கையே நுழையல."

பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்வெட்டரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அப்பவே சின்னதாத்தாம்மா போச்சு."

படியில் உட்கார்ந்துவிட்டார். பீப் அக்காவும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து இடி அவளைக் கூப்பிடுவது கேட்டது. அவள் திரும்பவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார்.